போர்ட் ஆஃப் ஸ்பெயினில் குடியேறப் போகிறீர்களா? முதல் சில மாதங்களுக்கான முழு வழிகாட்டி

டிரினிடாட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் வீட்டில் இரண்டு கேள்விகள் வரும். அது எங்கே இருக்கிறது, அங்கே பாதுகாப்பாக இருக்க முடியுமா? முதல் கேள்விக்குப் பதில் சுலபம். தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், வெனிசுவேலாவிலிருந்து மிக நெருங்கிய இடத்தில் சுமார் 11 கிலோமீட்டர் கடல் தாண்டினால் டிரினிடாட். அதன் தலைநகரம் போர்ட் ஆஃப் ஸ்பெயின், பாரியா வளைகுடாவின் கரையில், பின்னால் பச்சை மலைகளோடு இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

எண்ணெய், எரிவாயுத் துறைப் பொறியாளர்கள், மருத்துவர்கள், செயின்ட் அகஸ்டினில் இருக்கும் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்கள் என்று நம்மவர்கள் இங்கே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மதில் போட்ட குடியிருப்பு, அலுவலகம், மால் என்ற மூன்று இடங்களுக்குள்ளேயே இரண்டு வருட ஒப்பந்தத்தை முடித்துவிட்டு ஊர் திரும்புவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் கரீபியனில் இவ்வளவு அடர்த்தியான, இவ்வளவு வேடிக்கையான, சாப்பாட்டிலும் இசையிலும் இவ்வளவு செழிப்பான நகரம் அதிகம் இல்லை. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப் போவது இதைத்தான்: வீட்டை நகரத்துக்குள் எடுங்கள், வந்த மாதத்திலேயே வெளியே நடமாடத் தொடங்குங்கள்.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றிப் பார்க்க வந்தால் 90 நாள் வரை விசா தேவையில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் இதை அப்படியே தங்களுக்கும் பொருத்திக்கொள்ளாமல் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வருவது வேறு கணக்கு. 12 மாதத்தில் ஒருமுறை 30 நாள் வரை அனுமதி இல்லாமல் வேலை செய்யலாம், அதற்கு மேல் என்றால் வேலை அனுமதி வேண்டும், அதற்கு நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். "வந்துவிடுங்கள், இங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கிளம்பாதீர்கள். அனுமதி எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது வழி. நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், நெதர்லாந்து, பனாமா என்று எந்த வழியாக வந்தாலும் அந்த நாட்டில் விமானம் மாறுவதற்கு விசா வேண்டுமா என்று முதலில் பாருங்கள். மியாமி வழியாக மலிவான சீட்டு கண்ணில் படும், ஆனால் அமெரிக்காவில் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாவிட்டாலும் விசா வேண்டும். சீட்டு எடுத்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் பணம் போச்சு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிரினிடாட் மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள இடம் என்று இந்தியாவின் பட்டியலில் இருக்கிறது. அதனால் இங்கிருந்து விடுமுறைக்கு இந்தியா போகும்போது தடுப்பூசி போட்டதற்கான மஞ்சள் அட்டை கையில் இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து நேராகத் தனிமைப்படுத்தும் இடத்துக்கு, ஆறு நாள் வரை. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். குழந்தைகளின் தடுப்பூசி அட்டைகளையும் எடுத்து வையுங்கள், பள்ளியில் கேட்பார்கள்.

சமையலறைச் சாமான் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இங்கே சுவரில் வரும் மின்சாரம் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அமெரிக்க மாதிரி தட்டையான பின். இந்தியாவிலிருந்து 230 வோல்ட் மிக்ஸியையும் கிரைண்டரையும் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினால் ஓடாது. ஏசிக்கென்று 230 வோல்ட் லைன் இருக்கும் வீடுகளிலும் 60 ஹெர்ட்ஸில் மோட்டாரின் வேகம் மாறும், சூடாகும். அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கென்று கடைகளில் 110 வோல்ட் மிக்ஸி விற்கிறார்கள், அதை வாங்கி வாருங்கள். இட்லித் தட்டு, பிரஷர் குக்கர், அதற்கு ஒரு கேஸ்கெட் கூடுதலாக, இவை போதும்.

பெட்டியில் ராணுவ உடை மாதிரி திட்டுத் திட்டான (கேமஃப்ளாஜ்) சட்டை, கால்சட்டை, தொப்பி எதுவும் இருக்கக் கூடாது. குழந்தைகள் உடுப்பாக இருந்தாலும் சரி. அந்தத் துணி இங்கே சட்டப்படி தடை.

பட்டச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகள், காவல்துறை நன்னடத்தைச் சான்று, சர்வதேச ஓட்டுநர் அனுமதி மூன்றையும் கைப்பையில் வையுங்கள். வண்டி நம்மூர் போலவே இடது பக்கம்தான் ஓடுகிறது, அது பெரிய நிம்மதி.

வந்து இறங்கிய வாரம்

பியார்கோ விமான நிலையம் நகரத்துக்குக் கிழக்கே, சுமார் 25 கிலோமீட்டருக்கு மேல். அதிகாரப்பூர்வ விமான நிலைய டாக்ஸிகளுக்குப் பகுதிவாரியாகக் கட்டணம் போட்டிருப்பார்கள், ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் காலையில் நகரத்தை நோக்கியும் மாலையில் நகரத்திலிருந்து கிழக்கே போகிற பக்கமும் நெரிசல் கொடுமையாக இருக்கும். வீடு தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்பேசிக்கு டிஜிசெல், பீமொபைல் இரண்டும் இருக்கின்றன, கடவுச்சீட்டைக் காட்டி ப்ரீபெய்டு சிம் வாங்கிவிடலாம். இந்தியா இங்கிருந்து ஒன்பதரை மணி நேரம் முன்னால். இங்கே காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டால் ஊரில் மாலை ஐந்தரை, அம்மா அப்பாவிடம் பேச அதுதான் நல்ல நேரம். இரவு வேலை முடித்து நிதானமாகக் கூப்பிடலாம் என்று நினைத்தால் அங்கே விடியற்காலையாக இருக்கும்.

கடைக்குள், டாக்ஸிக்குள், மருத்துவர் அறைக்குள், எங்கே நுழைந்தாலும் முதலில் வணக்கம் சொல்லுங்கள். காலையில் குட் மார்னிங், மதியம் குட் ஆஃப்டர்நூன், இருட்டிய பிறகு உள்ளே நுழையும்போதே குட் நைட். அறையில் யாரையும் தெரியாவிட்டாலும் பொதுவாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் பதில் சொல்வார்கள். இதைச் சொல்லாமல் நேராக "இது எவ்வளவு" என்று ஆரம்பித்தால் மரியாதை தெரியாதவர் என்று எடுத்துக்கொள்வார்கள். நம் ஆட்கள் மீது இங்கே இருக்கிற மனக்குறைகளில் பாதி இதனால் வந்தவைதான் என்று நான் நினைக்கிறேன்.

வீடு: எந்தப் பகுதி

அவசரப்படாமல் முதலில் இரண்டு மூன்று வாரத்துக்குத் தற்காலிகமாக ஓர் இடம் எடுத்துக்கொண்டு, பகுதிகளைக் காலையிலும் இரவிலும் பார்த்த பிறகு ஒப்பந்தம் போடுங்கள்.

நிறுவனங்கள் வழக்கமாகக் காட்டுவது வெஸ்ட்மூரிங்ஸ், குட்வுட் பார்க் பக்கம். கடல் ஓரம், காவலாளி, நீச்சல் குளம், பக்கத்திலேயே வெஸ்ட் மால். இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆஃப் போர்ட் ஆஃப் ஸ்பெயினும் அங்கேதான், அதனால் பள்ளிக் குழந்தைகள் இருக்கிற குடும்பத்துக்கு அது நியாயமான தேர்வு. ஆனால் வாடகை அமெரிக்க டாலரில் கேட்பார்கள், கார் இல்லாமல் எதுவும் நடக்காது.

தனியாகவோ இரண்டு பேராகவோ வருகிறவர்களுக்கு நான் சொல்வது உட்புரூக் அல்லது செயின்ட் ஜேம்ஸ். உட்புரூக்கில் பழைய மர வேலைப்பாடு கொண்ட வீடுகள், நேர் நேரான தெருக்கள், சாப்பாட்டுக் கடைகளும் பார்களும் நிறைந்த அரியபிட்டா அவென்யூ, பக்கத்தில் குயின்ஸ் பார்க் ஓவல் கிரிக்கெட் மைதானம். அந்த அவென்யூவை ஒட்டி வீடு எடுக்காதீர்கள், வார இறுதியில் தூங்க முடியாது. இரண்டு மூன்று தெரு தள்ளி எடுங்கள். அதற்கு மேற்கே செயின்ட் ஜேம்ஸ். கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்த இந்தியர்கள் குடியேறிய பகுதி என்பதால் கல்கத்தா, பம்பாய், டெல்லி, பனாரஸ், மெட்ராஸ் என்று தெருப்பெயர்கள். வெஸ்டர்ன் மெயின் ரோட்டில் நடு இரவிலும் ரொட்டியும் சூப்பும் கிடைக்கும். வாடகை உட்புரூக்கை விடக் குறைவாகப் பிடிக்க முடியும், வீட்டு வாசலில் டாக்ஸி. மரவல், காஸ்கேட், செயின்ட் ஆன்ஸ் மூன்றும் மலையடிவாரத்தில் சற்றுக் குளிர்ச்சியான பகுதிகள், அமைதி வேண்டும் என்றால் அங்கே போகலாம். செயின்ட் கிளேர் தூதரகங்களும் பெரிய வீடுகளும் உள்ள பகுதி, விலையும் அதற்கேற்ப.

வேலை செயின்ட் அகஸ்டின் பல்கலைக்கழகத்திலோ மவுண்ட் ஹோப் மருத்துவமனையிலோ என்றால் மட்டும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் நெரிசலில் உட்காருவதற்குப் பதில் கிழக்கே செயின்ட் அகஸ்டின், வால்சைன் பக்கம் வீடு எடுத்துவிட்டு வார இறுதியில் நகரத்துக்கு வரலாம்.

வீடு பார்க்கும்போது வர்ணத்தைப் பார்க்காதீர்கள், தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் தருவது வாசா என்ற அரசு அமைப்பு. பல பகுதிகளில் முறை வைத்துத்தான் விடுகிறார்கள், ஜனவரி முதல் மே வரை நீளும் கோடையில் இன்னும் இழுபறி. கறுப்பு நிறப் பெரிய தொட்டி, அதோடு பம்ப், இரண்டும் இருக்கிறதா, எத்தனை குடும்பம் அதைப் பகிர்கிறது, வாரத்தில் எந்த நாள் தண்ணீர் வருகிறது, இந்த மூன்றையும் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். ஜன்னலுக்குக் கம்பி, கொசுவலை இரண்டும் இருக்க வேண்டும். டெங்கு இங்கே உண்டு. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதையும் விசாரியுங்கள், புயல்கள் பெரும்பாலும் வடக்கே போய்விடும், வெள்ளம் அப்படி விடுவதில்லை.

மின்கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். நாட்டிலேயே எரிவாயு கிடைப்பதால் மின்சாரம் கரீபியனின் மற்றத் தீவுகளை விட மிகவும் மலிவு.

பணம், வங்கி, டாலர் தட்டுப்பாடு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், சம்பளம் பேசும் முன்பே தெரிந்திருக்க வேண்டியது இது.

இங்கே புழங்குவது டிரினிடாட் டொபேகோ டாலர், பேச்சில் டிடி. ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 6.75 டிடி என்பது அதிகாரப்பூர்வ விலை. ஆனால் அந்த விலைக்கு அமெரிக்க டாலர் கேட்டு வங்கிக்குப் போனால் கையில் கிடைக்காது. பல வருடமாக அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, வங்கிகள் சொந்த வாடிக்கையாளர்களுக்கே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தருகின்றன, கடன் அட்டையில் வெளிநாட்டுச் செலவுக்கும் மாத வரம்பு வைத்திருக்கின்றன. ஆக, ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டியவர் முழுச் சம்பளத்தையும் டிடியில் ஒப்புக்கொண்டு வந்தால் மாட்டிக்கொள்வார். சம்பளத்தின் ஒரு பகுதியை அமெரிக்க டாலரில், முடிந்தால் வெளிநாட்டுக் கணக்கில் தரும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அது முடியாது என்று நிறுவனம் சொன்னால், மாதம் எவ்வளவு டாலர் மாற்றித் தர உதவுவார்கள் என்றாவது கேளுங்கள். தெருவில் கூடுதல் விலைக்கு மாற்றித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் போகாதீர்கள்.

வங்கிக் கணக்கு திறக்க வேலைக் கடிதம், இரண்டு அடையாள ஆவணம், முகவரிச் சான்று கேட்பார்கள். புதிதாக வந்தவர் பெயரில் மின்கட்டண ரசீது இருக்காது, அதனால் வீட்டு ஒப்பந்தத்தோடு வீட்டுக்காரரின் ரசீதும் அவரது கடிதமும் சேர்த்து எடுத்துப் போங்கள். அப்படியே வருமான வரி எண்ணும், என்.ஐ.எஸ். எனப்படும் தேசியக் காப்புறுதி எண்ணும் நிறுவனம் மூலம் வாங்கிவிடுங்கள். வருமான வரி 25 சதவீதம், ஆண்டுக்கு முதல் 90,000 டிடிக்கு விலக்கு. பத்து லட்சம் டிடிக்கு மேல் வருமானம் இருந்தால் அந்தப் பகுதிக்கு 30 சதவீதம். கடையில் பொருளுக்கு 12.5 சதவீத மதிப்புக் கூட்டு வரி. இந்தியாவுக்கும் இந்த நாட்டுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது என்பதை ஊரில் உங்கள் ஆடிட்டரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

கார் இல்லாமல் எப்படிப் போவது

மேக்ஸி டாக்ஸியைப் பழகுங்கள். வெள்ளை வேன், பக்கவாட்டில் ஒரு வண்ணப் பட்டை. அந்தப் பட்டைதான் எங்கே போகிறது என்று சொல்லும். மஞ்சள் என்றால் நகரமும் மேற்கும், அதாவது செயின்ட் ஜேம்ஸ், டியேகோ மார்ட்டின், கேரனேஜ் பக்கம். சிவப்பு கிழக்கே கியூரெப், துனாபுனா, அரிமா. பச்சை தெற்கே சகுவானாஸ், சான் ஃபெர்னாண்டோ. சிவப்பும் பச்சையும் கிளம்பும் இடம் சவுத் கீயில் இருக்கும் சிட்டி கேட், முன்பு ரயில் நிலையமாக இருந்த கட்டடம். பேருந்துகளும் அங்கிருந்தே. கிழக்கே போகிற சிவப்பு மேக்ஸிகளுக்கு நெரிசல் இல்லாத தனிச் சாலை உண்டு, காரில் உட்கார்ந்திருப்பவர்களை விடச் சீக்கிரம் போய்விடலாம்.

அடுத்தது ரூட் டாக்ஸி. பார்த்தால் சாதாரண கார், எண் பலகை எச் என்ற எழுத்தில் தொடங்கும். குறிப்பிட்ட வழியில் மட்டும் ஓடும், நான்கு பேரை ஏற்றிக்கொள்ளும், வழியில் எங்கே கை காட்டினாலும் நிறுத்தும், ஆளுக்குச் சில டிடிதான். பி எழுத்துப் பலகையோடு சொந்தக் காரை டாக்ஸியாக ஓட்டுகிறவர்களும் நிறைய. ஊர்க்காரர்கள் ஏறுகிறார்கள், ஆனால் அது சட்டவிரோதம், காப்பீடும் கிடையாது. புதியவர் ஏற வேண்டாம், பெண்கள் தனியாக நிச்சயம் வேண்டாம். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், 100 டிடி நோட்டை நீட்டினால் ஓட்டுநருக்கு எரிச்சல் வரும்.

சான் ஃபெர்னாண்டோவுக்கு வாட்டர் டாக்ஸி என்ற படகுச் சேவையும் இருக்கிறது. அலுவலகம் போகிறவர்களுக்காக நடத்துவது. கடல் வழியாக, நெரிசல் இல்லாமல், ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

பாதுகாப்பு: உள்ளதைச் சொல்கிறேன்

பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். சுமார் 14 லட்சம் பேர் உள்ள இந்த நாட்டில் 2024ஆம் ஆண்டில் 600க்கு மேற்பட்ட கொலைகள் நடந்தன, அந்த ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது, 2025 ஜூலையில் மறுபடியும் அறிவித்தது. துப்பாக்கி வைத்திருக்கும் கும்பல்களுக்குள் நடக்கும் சண்டை இதில் பெரும்பங்கு. அந்தச் சண்டை நடப்பது பெரும்பாலும் நகரத்தின் கிழக்கு ஓரத்தில்: லாவன்டில், பீத்தம், சீ லாட்ஸ் போன்ற இடங்கள். அங்கே வாழ்பவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்று நினைப்பது அநியாயம், எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து உருவான ஸ்டீல்பேன் என்ற வாத்தியமே அந்த மலைச்சரிவு மக்கள் உலகத்துக்குத் தந்ததுதான். ஆனாலும் துணை இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

மற்ற இடங்களில் நேரம் பார்த்து நடந்துகொண்டால் போதும். ஃபிரெடரிக் ஸ்ட்ரீட், சார்லட் ஸ்ட்ரீட், இன்டிபென்டன்ஸ் ஸ்கொயர் எல்லாம் பகலில் ஜே ஜே என்று இருக்கும், கடை மூடியதும் வெறிச்சோடிவிடும், அதற்குள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இரவில் தெரிந்த டாக்ஸிக்காரர் எண் இரண்டு கையில் இருக்கட்டும். தங்கச் சங்கிலியை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள், தாலிக்கு மஞ்சள் கயிறு போதும். ஆளில்லாத கடற்கரை, காட்டு வழி, மலையுச்சி எதற்கும் கூட்டமாகப் போங்கள், மலையேறும் குழுக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்துகிற பயணங்களில் சேர்ந்துகொள்ளலாம். காவல்துறை 999, தீயணைப்பு 990, ஆம்புலன்ஸ் 811. அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது, காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் செயின்ட் கிளேர் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகள், அங்கே முன்பணம் கேட்பார்கள், காப்பீட்டு அட்டையைத் தயாராக வையுங்கள்.

சாப்பாடு, சந்தை

இப்போது மகிழ்ச்சியான பகுதி. காலையில் டபுள்ஸ். மஞ்சள் போட்டுப் பிசைந்த மைதா மாவில் பொரித்த மெத்தென்ற இரண்டு பாரா, நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு, மேலே புளிச் சட்னி, வெள்ளரிக்காய், மிளகாய். காகிதத்தில் மடித்துத் தருவார்கள், தெருவோரம் நின்றுகொண்டே கையால் சாப்பிட வேண்டும். மிளகாய் எவ்வளவு என்று கேட்பார்கள். இங்கே போடுவது ஸ்காட்ச் பானட் வகை, ஆந்திரக் காரம் சாப்பிடுகிறவராக இருந்தாலும் முதல் நாள் "ஸ்லைட்" என்று சொல்லுங்கள். சைவக்காரர்களுக்கு டபுள்ஸ், சஹீனா, போலௌரி, ஆலு பை என்று தெருவிலேயே வயிறு நிறையும்.

ரொட்டிக் கடையில் இரண்டு வகை. பட்டாணிப் பருப்பைப் பொடித்து உள்ளே வைத்த தால்பூரி ஒன்று. பஸ்ஸப் ஷட் என்பது இன்னொன்று, நம்மூர்ப் பரோட்டாவைக் கல்லிலேயே கிழித்துப் போட்டது போல இருக்கும். கூட பூசணி, சுட்டு மசித்த கத்தரிக்காய் சோக்கா, மாங்காய்க் கறி கேளுங்கள். கறி மசாலா நம்முடையது அல்ல, கறுப்பாக வறுத்த சீரகமும் சாடோ பெனி என்ற நீள இலைக் கொத்தமல்லியும்தான் அதன் மணம். இது நம் சாப்பாட்டின் மோசமான நகல் என்று ஒப்பிட்டுக்கொண்டே சாப்பிட்டால் ருசி தெரியாது, அதை அதன் வழியிலேயே சாப்பிடுங்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் பெலாவ் சோறு, கலலூ கீரை, குயின்ஸ் பார்க் சவானா என்ற பெரிய மைதானத்தில் இரவு விற்கும் சோள சூப் எல்லாமே கட்டாயம்.

வீட்டுச் சமையலுக்குச் சனி, ஞாயிறு விடியற்காலையில் பீத்தம் நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள சென்ட்ரல் மார்க்கெட்டுக்குப் போங்கள், தெரிந்தவரோடு காரில். பாகற்காய், தட்டைப்பயறங்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய், சேம்பு, மரவள்ளி, வாழைக்காய், முருங்கைக்காய் எல்லாம் உண்டு. கறிவேப்பிலை வேண்டும் என்றால் கரப்பிலே என்று கேளுங்கள், புரியும். மீன் அங்கேயே புதிதாகக் கிடைக்கும், கிங்ஃபிஷ் என்பது நம் வஞ்சிர வகைதான். மாஸி ஸ்டோர்ஸ் போன்ற சூப்பர் மார்க்கெட்டில் உளுந்தும் துவரம்பருப்பும் சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது. இட்லி அரிசி கிடைக்காத மாதங்களுக்கு ஊரிலிருந்து வருகிறவர்கள் பையில் இடம் கேட்டு வையுங்கள்.

ஊர் மக்களோடு

மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்திய வம்சாவளியினர். 1845 மே 30ஆம் தேதி ஃபதெல் ரசாக் கப்பல் முதல் கூலித் தொழிலாளர்களோடு இங்கே வந்தது, 1917 வரை கப்பல்கள் வந்தன. மே 30 இன்று இந்தியர் வருகை நாள் என்ற பொது விடுமுறை. பெரும்பாலானோர் கல்கத்தாவிலிருந்து ஏறிய போஜ்புரி பேசியவர்கள், ஒரு சிறு பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த தமிழர், தெலுங்கர். ராம்சாமி, வீராசாமி போன்ற குடும்பப் பெயர்களை இன்றும் பார்க்கலாம். காளி மாயி கோயில்களில் தப்பு அடித்து வேப்பிலையோடு ஆடும் வழிபாடு அந்தச் சென்னைக் கப்பல்களின் வழி வந்தது. யாராவது அழைத்தால் போங்கள், நம் ஊர் மாரியம்மன் கொடை ஞாபகம் வந்து தொண்டை அடைக்கும். தெற்கே சிப்பாரியாவில் கத்தோலிக்க மாதா சிலையைப் புனித வெள்ளியை ஒட்டி இந்துக்களும் சிப்பாரி மாயி என்று வந்து வணங்குகிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவர்கள் நான்காம், ஐந்தாம் தலைமுறை டிரினிடாட்காரர்கள். பேச்சு ஆங்கிலம்தான். "உனக்கு இந்தி தெரியாதா, என்ன சாதி, உண்மையான இந்தியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறாயா" என்று கேட்பது புண்படுத்தும். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பற்றி ஊரிலிருந்து கொண்டு வந்த நிறக் கணக்குகளையும் இறக்கி வைத்துவிடுங்கள், இரண்டு சமூகமும் இங்கே ஒரே தெருவில் வாழ்கின்றன, அரசியல் பேசும்போது நீங்கள் கேட்பவராக மட்டும் இருங்கள். அக்கம்பக்கத்தில் லைம் பண்ணக் கூப்பிட்டால், அதாவது சும்மா உட்கார்ந்து பேசிச் சாப்பிட, மறுக்காதீர்கள். கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

சுற்றிப் பார்க்கும் வரிசை

முதல் வாரமே குயின்ஸ் பார்க் சவானா. சுமார் 260 ஏக்கர் திறந்த வெளி, சுற்றி வர மூன்றரை கிலோமீட்டருக்கு மேல். மாலை ஐந்து மணிக்கு ஊரே நடக்க வரும், இளநீர் வண்டி நிற்கும். மேற்கு ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஏழு பழைய மாளிகைகளைப் பாருங்கள், அவற்றில் ஒன்று குயின்ஸ் ராயல் காலேஜ். வடக்கே 1818இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா.

கிரிக்கெட் பிடிக்கும் என்றால் குயின்ஸ் பார்க் ஓவல். 1971இல் வடேகர் தலைமையில் இந்தியா வெஸ்ட் இண்டீஸை முதன்முறையாக டெஸ்டில் வென்றது இந்த மைதானத்தில், கவாஸ்கருக்கு அதுதான் முதல் டெஸ்ட், துணைத் தலைவர் நம் வெங்கட்ராகவன். 1976இல் 403 ரன் இலக்கைத் துரத்தி வென்றதும் இங்கேதான்.

அடுத்த வார இறுதியில் மலை தாண்டி மராக்கஸ் கடற்கரை. அலை பலமாக இருக்கும், சிவப்புக் கொடி இருந்தால் இறங்கக் கூடாது. பொரித்த ரொட்டிக்குள் சுறா மீன் வைத்த பேக் அண்ட் ஷார்க் அங்கே பிரபலம். பிறகு சகுவாராமாஸ், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தளமாக இருந்த தீபகற்பம். மூங்கில் வளைவுக்குக் கீழே நடந்து, மக்கரீப் குடாவில் குளிக்கலாம். கரோனி சதுப்பு நிலத்துக்கு மாலை நான்கு மணிப் படகு: இருட்டும் முன் செந்நிற அன்றில் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து ஒரே தீவில் அடையும், இந்த நாட்டின் இரண்டு தேசியப் பறவைகளில் அது ஒன்று. சிவப்பு உடுப்பு போடாதீர்கள், பூச்சி மருந்து தடவிக்கொள்ளுங்கள். தெற்கே போகும் நாளில் வாட்டர்லூவில் கடலுக்குள் கட்டிய கோயில். சிவதாஸ் சாது என்ற தொழிலாளி கட்டிய கோயிலை நிலம் கம்பெனியுடையது என்று இடித்த பிறகு, யாருக்கும் சொந்தமில்லாத கடலுக்குள் கல்லும் மண்ணும் கொட்டி அவரே தனியாக மறுபடி எழுப்பினார். அந்த இடத்தில் நிற்கும்போது இந்த மக்கள் மீது எனக்கு ஏற்படும் மரியாதை ஒவ்வொரு முறையும் கூடுகிறது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கிழக்கு, வடக்குக் கடற்கரைகளில் பெரிய தோணியாமைகள் முட்டையிட வருகின்றன, அனுமதியும் வழிகாட்டியும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஜனவரி வந்ததும் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு பேன்யார்டுகளுக்கு, அதாவது ஸ்டீல்பேன் குழுக்களின் ஒத்திகை முற்றங்களுக்குப் போங்கள். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் கார்னிவல் என்ற தெருத் திருவிழா. அதற்கு முன் வாரக்கணக்கில் ஸ்டீல்பேன் குழுக்கள் இரவுதோறும் தங்கள் முற்றத்தில் ஒத்திகை பார்க்கும்: உட்புரூக்கில் ஃபேஸ் டூ, ஓவலுக்கு எதிரே இன்வேடர்ஸ், சார்லட் ஸ்ட்ரீட்டில் ரெனிகேட்ஸ். சுமார் நூறு பேர் ஒரே பாட்டை வாசிப்பதை இரண்டடி தூரத்தில் நின்று கேட்கலாம். திங்கள் விடியலில் ஜூவே, சேறும் சாயமும் பூசிக்கொண்டு தெருவில் ஆடுவது. ஒரு குழுவில் பணம் கட்டிச் சேருங்கள், காவல் கயிற்றுக்குள் ஆடுவது பாதுகாப்பு. ஆட விருப்பம் இல்லாவிட்டால் சவானா ஓரத்தில் நின்று பாருங்கள், ஆனால் அந்த நாட்களில் ஊரை விட்டுப் போய்விடாதீர்கள். தீபாவளியும் பொது விடுமுறை, சகுவானாஸில் தீபாவளி நகர் கண்காட்சி நடக்கும். முஹர்ரமில் செயின்ட் ஜேம்ஸில் ஹோசே ஊர்வலம், தாஸா மேளத்துக்காகவே போகலாம்.

இந்த நாட்டின் இன்னொரு தீவான டொபேகோ கடைசியில். விமானத்தில் சுமார் 25 நிமிடம், படகில் மூன்றரை, நான்கு மணி நேரம். படகில் காருடன் ஏறலாம், மலிவு, கடல் கொந்தளித்தால் வயிறு புரட்டும், மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். ஈஸ்டர், பள்ளி விடுமுறைகளில் இரண்டிலும் இடம் கிடைக்காது, ஒரு மாதம் முன்பே எடுத்து வையுங்கள்.